பட்டு வராத பத்து நாள்



அழைப்பிதழில் என் தலைப்பை 'மக்காச்சோளத்தில் வறட்சி மேலாண்மை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முப்பது ஆண்டுகள் பயிர் வினையியல் சொல்லிக்கொடுத்தேன். அத்தனை ஆண்டிலும் வறட்சியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, மேலாண்மை எதுவும் செய்ததில்லை. அதனால் அமைப்பாளர்கள் மன்னிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஒரு மக்காச்சோளச் செடி என்னென்ன செய்கிறது, அதில் எது நமக்கு ஆகாமல் போகிறது என்பதை மட்டும் பேசப்போகிறேன்.

2016-ஆம் ஆண்டை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குச் சராசரியாகத் தர வேண்டியது ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். தந்தது 170-ஐக்கூடத் தொடவில்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவேட்டில் அப்படி ஒரு மழைக்காலம் அரிது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்னால், நவம்பர் முதல் வாரத்தில், பெரம்பலூர் பக்கம் ஒரு கரிசல் காட்டில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். புரட்டாசிப் பட்டத்தில், முதல் மழையை நம்பி விதைத்தது. நாற்பது நாள் பயிர். இடுப்பளவு வளர்ந்திருக்க வேண்டியது தொடை வரைதான் இருந்தது. மண் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

உச்சி வேளை. இலைகள் எல்லாம் நீளவாக்கில் சுருண்டு, குழாய்போல விறைத்து நின்றன. காட்டுக்காரர் என்னைவிட மூத்தவர். "பாருங்க சார், வெங்காயத் தாளாட்டம் ஆயிடுச்சு. பொழைக்குமா?" என்றார். அந்த வட்டாரத்தில் சின்ன வெங்காயமும் போடுகிறார்கள். உவமை அவருக்குத் தேடாமல் வந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் போய்ப் பார்த்தேன். இலைகள் விரிந்திருந்தன. நிமிர்ந்து, பச்சையாக, ஒன்றுமே நடக்காததுபோல. எனக்கு மகிழ்ச்சி. "செடி நல்லாத் தாக்குப்பிடிக்குது, அண்ணே. கிணத்துல இருக்கிற தண்ணிய அவசரப்பட்டு விட வேணாம். இன்னும் வாடினா அப்ப விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கிணற்றில் இருந்தது ஒரு பாய்ச்சலுக்குக்கூட முழுதாகப் போதாத தண்ணீர்; ஒரு ஏக்கர் நனையலாம்.

அறுவடைக்குப் போனபோது செடிகள் நின்றுகொண்டிருந்தன. உண்மையிலேயே பிழைத்துவிட்டன. பெரியவர் ஒரு கருதைப் பறித்து உறையை உரித்து என் கையில் கொடுத்தார். அடிப்பக்கம் ஒரு விரற்கடை அளவுக்கு மணி. அதற்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மேல்பாதி வெறும் சக்கை. கிழவன் வாய்போலப் பொக்கையாக இருந்தது. "செடி பொழைச்சுடுச்சு சார். கருதுதான் இல்ல" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. பிறகு, என்னைக் கேட்டாரா தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை: "இதுக்குச் சோளமே போட்டிருக்கலாமோ?"

பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. விளையுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை மனதில் வைத்துக் கேட்டவருக்கு நான் முதலாவதன் விடையைச் சொல்லியிருந்தேன். இதில் வெட்கம் என்னவென்றால், இந்த இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைத்தான் நான் ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இலையிலிருந்து தொடங்குகிறேன். நீரை எண்ணிச் செலவழிக்கத் தெரிந்த செடிதான் மக்காச்சோளம். கரும்பு, சோளம், கம்பு போல இதுவும் சி4 வகை. காற்றிலிருந்து எடுக்கும் கரியமில வாயுவை ஒரு தனி அறையில் செறிவாக்கி வைத்துக்கொண்டு சர்க்கரை செய்யும். இந்த வழியை 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் விளக்கினார்கள். இதனால் இலைத்துளையை அகலத் திறக்க வேண்டிய தேவை இல்லை; நீர் இழப்பும் குறைவு. இந்த உயிர்வேதியியல் எதுவும் தெரியாத காலத்திலேயே, 1910-களில், அமெரிக்காவின் கொலராடோவில் பிரிக்ஸும் ஷான்ட்ஸும் பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, நிறுத்து நிறுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ உலர் எடையை உண்டாக்கக் கோதுமை ஏறத்தாழ 500 கிலோ தண்ணீர் குடிக்கிறது. மக்காச்சோளத்துக்கு 370 கிலோ அளவு போதும். சோளத்துக்கு இன்னும் குறைவு, 320 அளவில். ஆக, மக்காச்சோளம் ஊதாரி அல்ல. ஆனாலும் வறட்சி என்றால் முதலில் கை நீட்டுவது அதுதான்.

மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதும் நம் கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம் இலை சுருளுவது. செடிக்கு அது முதல் அடையாளம் அல்ல. அதற்குப் பல நாள் முன்பே இலை வளர்வதை அது நிறுத்திவிட்டிருக்கும். இலை நீள்வது என்பது, உள்ளிருக்கும் நீர் சுவரை அழுத்த அழுத்தச் செல்கள் பெரிதாவதுதான். அழுத்தம் சற்றுக் குறைந்தால் போதும், நீட்சி நின்றுவிடும். 1970-இல் பாயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து காட்டினார்: ஒளிச்சேர்க்கை குறைவதற்கு வெகு முன்னாலேயே மக்காச்சோள இலையின் வளர்ச்சி நின்றுபோகிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டுச் செலவைச் சுருக்கும் குடும்பத்தலைவி மாதிரி. பெரம்பலூரில் தொடை உயரத்தில் நின்ற பயிர் எனக்கு அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நானோ சுருண்ட இலையை மட்டும் பார்த்தேன்.

சுருளுவது எப்படி என்றால், இலையின் மேல்தோலில் நரம்புக்கு இணையாகப் பெரிய நீர்ப்பை போன்ற செல்கள் வரிசை வரிசையாக உண்டு. நீர் வற்றினால் இவை முதலில் சப்பிப்போகும். மேல்பக்கம் சுருங்க, இலை தானாக உள்பக்கம் மடங்கும். மேல்பக்கத்துத் துளைகள் குழாய்க்குள் மறைந்துவிடும். வெயில் படும் பரப்பும் குறையும். மாலை வெயில் தாழ்ந்து, இரவில் வேர் கொஞ்சம் நீர் அனுப்பியதும், பைகள் நிரம்பி இலை விரியும். காலையில் விரிந்திருப்பது 'இன்னும் ஈரம் இருக்கிறது' என்பதற்குச் சான்று. 'சேதம் இல்லை' என்பதற்குச் சான்று அல்ல. காலையிலும் விரியாத இலைதான் முற்றிய ஆபத்து என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அன்று விடியுமுன் போனேன்.

இலைத்துளை மூடுவது இதைவிட நுட்பமான காரியம். இலை வாடியபிறகுதான் துளை மூடும் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1985-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிளாக்மேனும் டேவிஸும் ஒரு மக்காச்சோளச் செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டியில் விட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் தண்ணீர். இலைக்கு வேண்டிய நீர் அந்த ஒரு பாதியிலிருந்தே குறைவின்றி வந்தது, இலை வாடவில்லை. ஆனாலும் துளைகள் சுருங்கின. காய்ந்துகொண்டிருந்த பாதி வேர் மேலே ஏதோ செய்தி அனுப்பியிருக்கிறது! அந்தச் செய்தியில் பெரும்பங்கு அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனுக்கு என்று அடுத்தடுத்த ஆய்வுகள் சொல்லின. வேரிலிருந்து எவ்வளவு வருகிறது, இலையிலேயே எவ்வளவு தயாராகிறது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அது இன்றைக்கு நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்த ஹார்மோனைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்தால் நெல் கதிரிலேயே முளைவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழையே இல்லாமல், செடியில் நிற்கும் பச்சைக் கருதிலேயே மணிகள் முளைவிட்டுவிடும் மக்காச்சோள வகைகள் உண்டு; பிறவிக் கோளாறு உள்ளவை. பல பத்தாண்டுகளாக மரபியலாளர்கள் அவற்றை ஒரு வேடிக்கைபோலப் பாதுகாத்து வந்தார்கள். அவற்றில் விபி14 என்ற ஒன்றை வைத்துத்தான், செடி அப்சிசிக் அமிலத்தை எந்தப் படியில் கட்டுப்படுத்தித் தயாரிக்கிறது என்பது 1997-இல் தெளிவானது. விதையை 'இன்னும் நேரமாகவில்லை, தூங்கு' என்று அமர்த்துவதும், இலைத்துளையை 'மூடு' என்று சொல்வதும் ஒரே பொருள். செடியின் அகராதியில் பொறுத்திரு என்பதற்கு ஒரே சொல்தான் போலிருக்கிறது.

வேருக்கு வந்தால் அதே பொருள் வேறு வேலை செய்கிறது. மிசௌரியில் ராபர்ட் ஷார்ப்பும் குழுவினரும் முளைவிட்ட மக்காச்சோளத்தை மிகக் காய்ந்த ஊடகத்தில் வைத்து வளர்த்தார்கள். தண்டு அடியோடு நின்றுவிட்டது. வேர் நிற்கவில்லை. அதன் நுனியில் கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டும் ஈரமண்ணில் வளரும் வேகத்திலேயே வளர்ந்தது. வேர் மெலிந்து, நீளமாக, கீழே போய்க்கொண்டே இருந்தது. அப்சிசிக் அமிலம் சுரக்க முடியாத செடிகளில் இது நடக்கவில்லை. மேலே செலவை நிறுத்தி, மிச்சம் பிடித்ததைக் கீழே தண்ணீர் தேடுவதற்கு அனுப்புகிறது செடி.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் மூன்று ஆண்டு தொட்டியில் மக்காச்சோளம் வளர்த்து, தண்ணீரை நிறுத்தி, நாள்தோறும் இலைச்சுருளுக்கு மதிப்பெண் போட்டேன். அழகான அட்டவணைகள். பட்டமும் கிடைத்தது. ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது: அந்தத் தொட்டியின் ஆழம் ஒன்றரை அடி. கீழே போ என்று உடம்பு முழுக்கக் கட்டளை ஓடிக்கொண்டிருந்த வேர்கள், தொட்டியின் அடியில் முட்டிச் சுருண்டு கிடந்தன. நான் அளந்தது வறட்சியை அல்ல, தொட்டியை. நல்ல கரிசலில் மக்காச்சோள வேர் ஆள் உயரம் இறங்கும்.

ஆழத்தைப் பற்றிப் பேசும்போது அரிசோனாவின் ஹோபி மக்களை நினைக்காமல் முடியாது. பாலைக்கு நெருக்கமான மேட்டு நிலம். பாசன வாய்ப்பு மிகக் குறைவு. அவர்கள் மக்காச்சோள விதையை ஓர் அடி ஆழம்வரைகூடக் குழி தோண்டி, ஈரம் இருக்கும் இடத்தில் இடுகிறார்கள். நம் வீரிய விதையை அப்படிப் போட்டால் மண்ணுக்குள்ளேயே மடிந்துவிடும். இரண்டு அங்குலம்தான் நம் பழக்கம். ஹோபி விதையிலோ, விதைக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டு அவ்வளவு தூரமும் நீண்டு முளையை மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. 1914-இல் காலின்ஸ் என்ற தாவரவியலாளர் இதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது 1914-இல்; அந்த மக்கள் அதைத் தெரிவு செய்தது எத்தனையோ தலைமுறைக்கு முன்பு.

இதுவரை சொன்னதெல்லாம் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கலை. இலையைச் சுருக்கியது, துளையை மூடியது, வேரை நீட்டியது, எல்லாம் சரி. பிறகு ஏன் கருது பொக்கை?

ஒரு கருதை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை கடற்கரையில் சுட்ட சோளம் வாங்கும்போது உறையோடு ஒன்று கேட்டு வாங்குங்கள். மணிகளின் வரிசையை எண்ணுங்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று இரட்டைப்படையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பூக்கள் இணை இணையாகவே பிறக்கின்றன. ஒவ்வொரு மணியிடத்திலிருந்தும் ஒரு பட்டு நூல் புறப்பட்டு, உறைக்கும் மணிக்கும் இடையில் ஊர்ந்து, உச்சி வழியாக வெளியே வருகிறது. ஐந்நூறு மணி என்றால் ஐந்நூறு நூல். குழந்தைகள் பொம்மைக்கு முடி என்று பிய்த்து விளையாடும் அந்தக் குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் ஒரு தனிப் பெண்பூவின் சூல்தண்டு. அந்த இழையின்மேல் ஒரு மகரந்தத் துகள் விழுந்து, அது குழாயாக நீண்டு, ஓர் அடி நீளம் வரைகூட நூலுக்குள்ளேயே பயணம் செய்து, ஒரு நாளில் சூலை அடைய வேண்டும். நூல் வெளியே வராவிட்டால் மணி இல்லை.

ஆண்பூ எங்கே இருக்கிறது? செடியின் உச்சியில். பெரும்பாலான புல்லினத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்க, மக்காச்சோளத்திலோ ஆண் மேலே, பெண் இடையில். நல்ல காலத்தில் உச்சிப்பூ துகள் உதிர்த்த ஓரிரு நாளில் பட்டு வெளிவரும். பட்டு நாளொன்றுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளும். செடியின் உறுப்புகளிலேயே அதிக நீர் கொண்டது அதுதான். அடிமணிகளின் நூல் முதலில் வெளிவரும். நுனிமணிகளின் நூல் கடைசியில்.

இப்போது ஈரம் குறைகிறது என்று வையுங்கள். உச்சிப்பூ செடியின் தலைப்பிள்ளை. அதற்கு எல்லாம் முன்பே ஒதுக்கியாயிற்று; வறட்சியிலும் அது ஏறக்குறையக் குறித்த நாளிலேயே விரிந்துவிடும். இலட்சக்கணக்கில் துகள்களைக் கொட்டும். ஒரு செடி ஐந்தாறு நாளில் கொட்டித் தீர்த்துவிடும். சூடான வறண்ட காற்றில் துகளின் உயிர் சில நிமிடங்களிலேயே போய்விடக்கூடும். கருதோ பக்கக்கணுவில் பிறந்த இளையது. பங்கீட்டில் அதன் முறை கடைசி. இலையைப் போலவே பட்டும் நீர் அழுத்தத்தால்தான் நீளும். அழுத்தம் இல்லை, நீட்சி இல்லை. ஓரிரு நாள் இடைவெளி ஐந்தாகிறது, எட்டாகிறது, சில நேரம் பட்டு வெளியே வருவதே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருந்து திரும்பிப் போனபிறகு பெண் அலங்காரம் முடிந்து வருகிறாள். பெரம்பலூர்க் கருதில் அடிப்பக்கம் மட்டும் மணி இருந்ததற்குக் காரணம் இதுதான்: முதலில் வெளிவந்த சில நூல்களுக்கு மட்டும் கடைசித் துகள்கள் கிடைத்திருக்கின்றன.

அயோவாவில் டென்மீடும் ஷாவும் 1960-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரே அளவு வாட்டத்தை மூன்று பருவத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டு வருவதற்கு முன்னால் வாட்டினால் விளைச்சல் 25 விழுக்காடு குறைந்தது; மணி முற்றும்போது வாட்டினால் 21; பட்டு வரும் சமயத்தில் வாட்டினால் 50. நூறு நாள் பயிரில் அந்தப் பத்துப் பதினைந்து நாள் மட்டும் தனிக்கணக்கு.

சரி, துகள் பஞ்சம் மட்டும்தான் காரணமா? பாயரும் வெஸ்ட்கேட்டும் சந்தேகப்பட்டார்கள். வாடிய செடியின் பட்டுக்கு நல்ல துகளைக் கையால் தூவினார்கள். கருவுற்றது, சில நாளில் கரு அழிந்தது. 1991-இல் வெளிவந்த இன்னொரு சோதனையை என் மாணவர்கள் எப்போதும் நம்ப மறுப்பார்கள்: வாடிக்கொண்டிருக்கும் செடியின் தண்டில் துளையிட்டு, சர்க்கரை கலந்த ஊட்டநீரைச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள், மருத்துவமனையில் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல. செடி வாடியேதான் இருந்தது. ஆனால் கணிசமான மணிகள் நின்றுவிட்டன! தாகத்தால் மட்டும் இறப்பதாக நினைத்த பிள்ளைகள் பசியாலும் இறந்திருக்கின்றன. துளை மூடியதால் சர்க்கரை உற்பத்தி குறைந்தது. வந்த கொஞ்சத்தையும் சூல் தன்பக்கம் இழுக்க முடியவில்லை, அதற்கான நொதி அடங்கிவிட்டது. சூல் தன் கையிருப்பு மாவைத் தின்று தீர்த்துவிட்டு அழிந்தது.

பிரான்சின் மொன்பெலியே ஆய்வாளர்கள் இதை முழுதாக ஏற்பதில்லை. மிதமான வறட்சியில் சர்க்கரைப் பஞ்சம் பின்விளைவே, பட்டின் நீட்சி நின்றதுதான் மூலம் என்பது அவர்கள் கட்சி. வயலில் நான் பார்த்ததை வைத்து அவர்கள் பக்கம் சாய்கிறேன். வறட்சி கடுமையானால் பாயர் சொல்வதும் சேர்ந்துகொள்ளும்.

எது மூலமானாலும், செடியின் கணக்கு என்ன என்று பாருங்கள். அது தன் பிள்ளைகளைக் கைவிட்டுத் தான் பிழைக்கிறது. மக்காச்சோளத்தின் முன்னோர் தியோசின்ட்டே என்ற காட்டுப்புல். மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் அதைக் கைப்பழக்கினார்கள். அதன் கருதில் பத்து மணி இருந்தால் அதிகம். ஆனால் செடி முழுக்கச் சின்னச்சின்னக் கருதுகள். நாலு கருது போனால் நாலு நிற்கும். அப்படிப்பட்ட செடிக்குக் கெட்ட வாரத்தில் சிலவற்றை உதிர்த்துவிடுவது புத்திசாலித்தனம். அதே புத்தியை நாம் ஒற்றைக் கருதுச் செடிக்குள் அப்படியே விட்டுவைத்தோம். உதிர்க்க வேறு கருது இல்லை.

வறட்சி தாங்கும் மக்காச்சோளம் வேண்டுமானால் அது எதில் சிறந்திருக்க வேண்டும்? என் ஆசிரியர்கள் காலத்தில் விடை தயாராக இருந்தது: ஆழ வேர், சுருளும் இலை, நிறைய அப்சிசிக் அமிலம். அதாவது இன்னும் எச்சரிக்கையான செடி. மெக்சிகோவிலுள்ள சிம்மிட் ஆராய்ச்சி மையம் 1975-இல் தொடங்கிய ஒரு வேலை இந்த விடையைக் கவிழ்த்தது. டக்ஸ்பெனோ என்ற தாழ்நில நாட்டுவகையை எடுத்து, மழையே பெய்யாத குளிர்காலத்தில் தல்திசாபான் என்ற ஊரில் விதைத்து, தண்ணீரைத் தாங்களே கூட்டிக் குறைத்து, வாட்டத்திலும் மணி பிடித்த செடிகளை மட்டும் எடுத்து மறுபடி விதைத்தார்கள். இப்படி எட்டுச் சுழற்சி. அந்த வகைக்கே 'டக்ஸ்பெனோ செகீயா' என்று பெயர். செகீயா என்றால் ஸ்பானிய மொழியில் வறட்சி. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ கூடியது.

பொலான்யோஸும் எட்மீட்ஸும் 1993-இல் முடிவுகளை வெளியிட்டபோது எல்லோரும் தேடியது வேரை. வேர் கூடவில்லை, மேல் ஐம்பது சென்டிமீட்டரில் குறைந்தே இருந்தது. இலையின் நீர்நிலை மாறவில்லை. முக்கியமாக மாறியது இதுதான்: உச்சிப்பூவுக்கும் பட்டுக்கும் இடையிலான நாள்கள் சுருங்கின. தன் வருமானத்தில் கருதுக்குக் கூடுதல் பங்கு கொடுக்கும் செடி உருவாகியிருந்தது. உழவருக்கு வேண்டிய வறட்சி தாங்கும் மக்காச்சோளம், எச்சரிக்கை குறைந்த மக்காச்சோளம். தனக்கு ஆபத்து என்று தெரிந்தும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற செடி. ஆப்பிரிக்காவின் 13 நாடுகளுக்காகப் பின்னாளில் உருவாக்கப்பட்ட வறட்சி தாங்கும் இரகங்களில் பலவும் இந்தப் பாடத்தில் வளர்ந்தவையே.

அமெரிக்கப் பயிர்ப்பெருக்க ஆய்வாளர்கள் இதே இடத்துக்குத் தெரியாமல் வந்து சேர்ந்தார்கள் என்பது இன்னும் சுவையானது. அவர்கள் வறட்சியைத் தேடவில்லை; ஏக்கருக்குச் செடி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நெருக்கத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒளியும் நீரும் குறையும். அதிலும் கருது பிடித்தவையே தேறின. இன்றைய அவர்களின் வீரிய இரகங்களை 1930-களின் இரகங்களோடு ஒப்பிட்டால் உச்சிப்பூ சிறுத்திருக்கிறது, பட்டுக்கான காத்திருப்பு குறுகியிருக்கிறது. ஆனால் நெருக்கமாக நட்ட பயிருக்கு மழை அடியோடு பொய்த்தால் இந்தச் சாமர்த்தியமும் கைகொடுக்காது. 2012 கோடையில் அமெரிக்க மக்காச்சோளச் சராசரி ஏக்கருக்கு 123 புஷல் அளவுக்கு விழுந்தது. முந்தைய ஆண்டு அது 147.

மரபணுவைப் பற்றி இவர் ஏன் பேசவில்லை என்று பின்வரிசை மாணவர்கள் நெளிகிறார்கள். சுருக்கமாகப் பேசுகிறேன். குளிர் அதிர்ச்சியில் பாக்டீரியாவுக்கு உதவும் ஒரு புரதத்தின் மரபணுவை ஏற்றிய மக்காச்சோளம் 2011 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2013 முதல் பரவலாக விற்பனையில் இருக்கிறது. பயன் உண்டு, அடக்கமான பயன். 2015-இல் சீன ஆய்வாளர்கள் கண்டது எனக்கு இன்னும் பிடிக்கும்: ஒரு மரபணுவின் வாசலில் வந்து குந்திய 82 எழுத்து நீளமுள்ள தாவும் துண்டு, அந்த மரபணுவை அடக்கி, நாற்றுகளை வறட்சிக்குப் பலவீனமாக்கியிருக்கிறது. தாவும் மரபுத் துண்டுகளை உலகுக்கு முதலில் காட்டியதும் மக்காச்சோளம்தான். பார்பரா மெக்ளின்டாக் அதற்காக 1983-இல் தனியொருவராக நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் அளந்தது நாற்றுகளின் பிழைப்பு விகிதம். தண்ணீரை நிறுத்தி, மறுபடி ஊற்றி, எத்தனை நாற்று எழுந்தது என்று எண்ணுவது. கருத்தரங்குகளில் இரண்டு தொட்டிகளின் படத்தை, ஒன்றில் பச்சை, ஒன்றில் சருகு என்று, பக்கம் பக்கமாகக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பெரம்பலூர்ப் பெரியவரின் குரல் கேட்கும்.

வயலுக்கு உதவும் சில செய்திகள் இதிலிருந்து கிடைக்கின்றன. கிணற்றில் ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது என்றால், செடி வாடுகிறதா என்று பார்க்க வேண்டாம். நாளைப் பார்க்க வேண்டும். உச்சிப்பூ இலைச்சுருளுக்குள்ளிருந்து தலைகாட்டுகிற அன்று விட வேண்டும். மூன்று ஏக்கருக்கும் மேலோட்டமாக விடுவதைவிட ஒரு ஏக்கரை நன்றாக நனைப்பது மேல். பூ முடிந்து ஒரு வாரம் ஆனதும் கருது தேறுமா என்று அறிய உழவரே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: ஒரு கருதின் உறையைப் பட்டு அறுபடாமல் கத்தியால் கீறி எடுத்து, தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறுங்கள். கருவுற்ற மணியின் நூல் தானாக உதிரும். உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நூலுக்கு மணி இல்லை. பத்துக் கருது பார்த்தால் காட்டின் கதை தெரிந்துவிடும்.

தேறாது என்று தெரிந்தால் தட்டையாவது மாட்டுக்கு ஆகட்டும் என்று வெட்டுவார்கள். அதிலும் ஒரு கவனம். வாடிய செடி நைட்ரேட்டை உறிஞ்சும், ஆனால் அதைப் புரதமாக்க முடியாமல் தண்டின் அடியில் சேர்த்து வைக்கும். வறட்சிக்குப் பிறகு ஒரு மழை பெய்த சில நாள் இது இன்னும் மோசம். அடித்தண்டை ஒரு முழம் விட்டு வெட்ட வேண்டும். பசியோடிருக்கும் மாட்டுக்கு அதை மட்டுமே போடக் கூடாது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துவிடும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மக்காச்சோளத்தின் இந்த விஷம் வேறு, அதைத் தெரிந்தவர் குறைவு.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். சோளமே போட்டிருக்கலாமோ?

செடியை மட்டும் கேட்டால், போட்டிருக்கலாம். சோளத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில். காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. தண்டிலும் இலையிலும் சாம்பல் பூத்த மெழுகு. பூக்கும் முன் வறட்சி வந்தால் வளர்ச்சியை நிறுத்திக் கிடந்துவிட்டு, மழை கண்டதும் தொடரும். தாய்த்தண்டு போனாலும் பக்கத்தில் கிளைக்கும் தூரில் ஒரு கதிர் தரும்.

இரண்டாம் முறை போனபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். களத்துமேட்டில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் சார். மக்காவுக்கு நாமக்கல் கோழித் தீவனத்துக்குன்னு களத்துக்கே லாரி வருது. சோளத்த மூட்டை கட்டி வெச்சா, யாரு சார் வர்றா?" என்றார்.

அடுத்த புரட்டாசியில் அவர் மறுபடி மக்காச்சோளம்தான் விதைத்தார். மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்காமல், ஏக்கருக்குப் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. வரப்பை ஒட்டி நாலு சால் சோளமும் இருந்தது. மாட்டுக்கு, என்றார்.